நெட் வரலையா? ரீசெட்டில் கை வைக்காதீர்கள்!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுப்பதும், கோளாறு வந்தால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். கேபிள் டி.வி. ஒயர் இழுத்த காலத்திலிருந்து இந்தத் தெருக்களில் ஏணியோடு அலைகிறேன். எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும்: “நெட் வரல.”

அந்த இரண்டு வார்த்தைக்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். தெருவில் ஃபைபர் அறுந்திருந்தாலும் ‘நெட் வரல’தான். மாதப் பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் அதே பேச்சுதான். பாஸ்வேர்டில் ஓர் எழுத்து மாறினாலும், மோடம் வீட்டு முகப்பிலும் போன் பின்பக்க மூன்றாங்கட்டிலும் இருந்தாலும் அதுவேதான். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்ப்பதற்குள் யாராவது ஓர் ஊசியை எடுத்து, மோடத்தின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் குத்திவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தீரவேண்டிய விஷயம் இரண்டு நாள் இழுத்துக்கொள்வது அதனால்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அழிக்காதீர்கள். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினீயரிங் படிப்பு தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைக் கழற்றுவதற்கு முன் மேல்தொட்டியைப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கேயும். உங்கள் வீட்டு மோடம்வரை இணையம் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. மோடத்திலிருந்து உங்கள் போனுக்கு வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் கேள்விக்கு மோடத்தின் விளக்குகளே பதில் சொல்லும். பவர், பான், எல்.ஓ.எஸ்., இன்டர்நெட், வைஃபை என்று சின்னச் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஃபைபர் வழியாக ஒளி சரியாக வருகிறது, ஆபரேட்டரின் கருவியும் உங்கள் மோடமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்று பொருள். எல்.ஓ.எஸ். என்பதில் சிவப்பு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. அதனால்தான் போனில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “ரெட் லைட் எரியுதா?”

சிவப்பு எரிகிறது என்றால் உங்கள் பாஸ்வேர்டுக்கும் போனுக்கும் அதில் சம்பந்தமே இல்லை. பிரச்சினை ஃபைபரில். அந்தக் கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் நடுவில் உள்ள 9 மைக்ரான் பகுதியில்தான் ஒளி ஓடுகிறது. மரத்திலிருந்து ஒயரில் ஏறும் அணில் கடித்தால் போதும். வைக்கோல் லாரி உரசினால் போதும். தேரோடும் தெருக்களில் திருவிழாவுக்காக ஒயர்களைக் கழற்றி மறுபடி கட்டும்போது ஏதாவது ஓர் இழை அடிபடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆபரேட்டர் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபரேட்டரிடமிருந்து வரும் ஒரே ஃபைபர், ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் பிரிந்து 32, 64 என்று பல வீடுகளுக்குப் போகிறது. அவருக்கும் இல்லை என்றால் பழுது வெளியே. அவருக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் சிவப்பு என்றால் பழுது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வரும் தனி ஒயரிலோ வீட்டுக்குள்ளோதான்.

வீட்டுக்குள் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பச்சை முனையோடு மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, கட்டில் காலுக்கடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் கூர்மையாக மடங்கினால் அந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆணியில் சுற்றி மாட்டுவதும் இதனால்தான் கூடாது. நிமிர்த்திவிட்டாலே சில வீடுகளில் பச்சை வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஃபைபர் முனையைக் கழற்றி ‘வெளிச்சம் வருகிறதா’ என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். ஆபரேட்டரிடமிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர்; உங்கள் மோடம் திருப்பி அனுப்புவது 1310 நானோமீட்டர். இரண்டுமே அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே கண் இமைக்காது. அளப்பதற்கு எங்களிடம் பவர் மீட்டர் இருக்கிறது.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

பச்சை எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் அடுத்தது ரீஸ்டார்ட். மோடத்தின் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். அது எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அணைக்க வேண்டாம். மோடம் என்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும்போது நினைவகத்தில் அடைசல் சேரும். ஆபரேட்டரோடு வைத்திருக்கும் தொடர்பு பாதியில் தொங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எதுவும் அழியாது.

ரீசெட் அப்படியல்ல. பின்னால் உள்ள துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தினால் மோடம் கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். இதனால் என்ன இழக்கிறோம் என்று புரிய, ஒரு வீட்டு இணைப்பில் மூன்று தனித்தனி பாஸ்வேர்டு இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த வைஃபை பாஸ்வேர்டு. போனையோ டி.வி.யையோ மோடத்தோடு சேர்க்கக் கேட்பது.

இரண்டாவது, மோடத்தின் உள்ளே போய் அமைப்புகளை மாற்றுவதற்கான பாஸ்வேர்டு. பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அடித்தால் வரும் பக்கம் கேட்பது. சரியான முகவரி மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும்.

மூன்றாவதைத்தான் யாரும் அறிவதில்லை. பல ஆபரேட்டர்கள் உங்கள் கணக்குக்கென்று ஒரு யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் வைத்திருப்பார்கள். இணைப்பு கொடுக்க வருபவர் அதை மோடத்துக்குள் பதித்துவிட்டுப் போவார். பி.பி.பி.ஓ.இ. என்பது அதன் பெயர். மோடம் ஒவ்வொரு முறை எழும்போதும் அதை ஆபரேட்டருக்குச் சொல்லித்தான் உள்ளே நுழைகிறது. நீங்கள் அதை ஒரு நாளும் அடித்திருக்க மாட்டீர்கள். ரீசெட் அழுத்தினால் வைஃபை பாஸ்வேர்டோடு இதுவும் போய்விடும். அதன் பிறகு ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டால் போனில் வைஃபை சேரும், ஆனால் இணையம் வராது. யூசர் ஐ.டி. யாருக்கும் தெரியாது. ஆள் வர வேண்டும்.

கோடை விடுமுறையில் இப்படி நிறையப் பார்க்கிறேன். ஒரு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசுவதுதான் அவர் பொழுது. சென்னையிலிருந்து வந்த பேரன் தன் போனில் வைஃபை போடப் பார்த்தான், ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தது. அவன் நல்லெண்ணத்தோடுதான் ரீசெட் அழுத்தினான். அதுவரை ஓடிக்கொண்டிருந்த டி.வி.யும் ஆச்சியின் போனும் சேர்ந்து நின்றன.

நான் போனதும் ஆச்சி கேட்டார்: “தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. இதுக்குப் புதுசு வாங்கணுமா?”

“வேணாம் ஆச்சி. ஆபீஸ்ல கேட்டு ஐ.டி.யைப் போட்டாச் சரியாயிரும். இனிமே அந்த ஓட்டைல மட்டும் யாரையும் குத்த விடாதீங்க.”

விசாரித்தால், ஆச்சியின் பழைய பாஸ்வேர்டு முழுக்கச் சின்ன எழுத்தில் இருந்தது. பையனின் போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. கோளாறு அவ்வளவுதான்.

‘சரியாத்தான் அடிச்சேன்!’

பாஸ்வேர்டு தவறு என்று போன் சொல்கிறது, எந்த எழுத்து தவறு என்று ஏன் சொல்வதில்லை? போனுக்கே அது தெரியாது என்பதுதான் காரணம். இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறை; 2004 இல் வந்தது. இதில் பாஸ்வேர்டு காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. நீங்கள் அடித்த பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, போன் ஒரு சாவியை உருவாக்குகிறது. மோடத்திடமும் அதே முறையில் உருவான சாவி இருக்கிறது. அந்தச் சாவியை வெளியே காட்டாமல், அதை வைத்துப் போட்ட கணக்கின் விடைகளை மட்டும் நான்கு செய்திகளில் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஓர் எழுத்து பிசகினாலும் விடை மொத்தமும் மாறிவிடும். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற இரண்டு பதில்தான் அங்கே உண்டு.

இதனால் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் கிடைக்கிறது. பழைய மோடம் பழுதாகிப் புதியது வைக்கும்போது, பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அப்படியே வைத்து, பாதுகாப்பு முறையையும் மாற்றாமல் விட்டால் வீட்டிலுள்ள போன், டி.வி., கேமரா எல்லாம் தாமாகவே வந்து சேரும். ஒவ்வொன்றிலும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

பாஸ்வேர்டை அடிக்கும்போது கண் வடிவத்தில் இருக்கும் குறியைத் தொட்டு எழுத்துகளைக் காட்டச் செய்யுங்கள். முதல் எழுத்து பெரிதாகியிருக்கிறதா? கீபோர்டு தந்த பரிந்துரையைத் தொட்டதால் கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கிறதா? பூஜ்யமும் ‘ஓ’வும், ஒன்றும் சின்ன ‘எல்’லும் மாறியிருக்கிறதா? கீபோர்டு தமிழில் நிற்கிறதா? நான் பார்க்கும் ‘தவறான பாஸ்வேர்டு’களில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

மோடத்தில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு ஒரு போன் மட்டும் சேர மறுத்தால், அது பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு முயல்கிறது. செட்டிங்ஸில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, புதிதாகச் சேருங்கள்.

பாஸ்வேர்டு உண்மையிலேயே சரியாக இருந்தும் சேராத நேரம் உண்டு. 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையை மட்டும் மோடத்தில் வைத்திருந்தால் பழைய போன்களால் அதில் சேர முடியாது. இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் தீரும். சில வீடுகளில் பாதுகாப்புக்காக, குறிப்பிட்ட கருவிகளின் அடையாள எண்களை (செல் நம்பர் அல்ல) மட்டும் அனுமதிக்கும் ‘மேக் ஃபில்டர்’ போட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 தொடங்கிப் போன்கள் தம் உண்மையான எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுகின்றன. மோடம் அதை அந்நியன் என்று தள்ளிவிடும். அந்த வைஃபைக்கு மட்டும் போனில் அந்த மறைப்பை நிறுத்திவைக்கலாம்.

மறந்துபோனால் எங்கே தேடுவது?

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் உடனே ரீசெட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்த வரிசையில் தேடுங்கள்.

மோடத்தைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அதிலேயே இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் போன் ஒன்று இருந்தால் அதுவே போதும். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை பெயருக்குள் போனால் ‘ஷேர்’ இருக்கும். தொட்டால் க்யூ.ஆர். கோடு வரும். இன்னொரு போனின் கேமராவில் அதைக் காட்டினால் எதையும் அடிக்காமலே சேர்ந்துவிடும். பல போன்களில் கோடுக்குக் கீழே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல், வைஃபை பெயருக்குள் போய்ப் பாஸ்வேர்டு இருக்கும் இடத்தைத் தொட்டு, முகத்தையோ விரலையோ காட்டினால் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்த வைஃபை இணைப்பின் ப்ராப்பர்டீஸில் ‘செக்யூரிட்டி’ என்ற பகுதிக்குள் ‘ஷோ கேரக்டர்ஸ்’ கட்டத்தை டிக் செய்தால் தெரியும்.

எந்தக் கருவியும் சேர்ந்திருக்கவில்லை என்றால், லேப்டாப்பை லேன் ஒயரால் மோடத்தோடு நேராக இணையுங்கள். அதற்கு வைஃபை பாஸ்வேர்டு தேவையில்லை. மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டைப் பார்க்கலாம், மாற்றலாம். பல ஆபரேட்டர்கள் தங்கள் ஆப்பிலிருந்தே மாற்ற வசதி தருகிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டாலும் அங்கிருந்தபடியே மாற்றித் தருவார்கள்.

இவ்வளவும் முடியாதபோதுதான் ரீசெட். அதுவும் ஆபரேட்டரிடம் பேசி யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கையில் எழுதிக்கொண்ட பிறகு.

சேர்ந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை

‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்ற செய்தி பலரைக் குழப்புகிறது. சேர்ந்துவிட்டது என்றால் உங்கள் பாஸ்வேர்டு சரி. போனுக்கும் மோடத்துக்கும் இடையில் குறையில்லை. இனி பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. மோடத்துக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

வேறொரு போனில் பாருங்கள். எல்லாக் கருவிகளிலும் இல்லை என்றால், பிளான் முடிந்துவிட்டதா என்று முதலில் கவனியுங்கள். பணம் கட்டியிருந்து, பான் விளக்கு பச்சையாகவும் இன்டர்நெட் விளக்கு அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால், மூன்றாவது பாஸ்வேர்டில் அல்லது ஆபரேட்டர் பக்கத்தில் சிக்கல். அந்த விளக்கு நிலையை அப்படியே போனில் சொல்லுங்கள். “பான் பச்சை, இன்டர்நெட் சிவப்பு” என்று ஒருவர் சொன்னால், வண்டியை எடுப்பதற்கு முன்பே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு போனில் மட்டும் இல்லை என்றால் குறை அந்தப் போனில். தேதி, நேரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. அவற்றின் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதாகப் போன் நினைத்துக்கொள்ளும். வி.பி.என். ஆப் ஏதாவது ஓடுகிறதா, ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற இடத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ‘அப்டெய்னிங் ஐ.பி. அட்ரஸ்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால், மோடம் அந்தப் போனுக்கு முகவரி கொடுக்க முடியாமல் திணறுகிறது. ஒரு ரீஸ்டார்ட் போதும்.

சுவர் தாண்டாத சிக்னல்

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரிய கோளாறு இது. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். முகப்பு, முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக் கட்டாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள். ஒயர் உள்ளே வரும் இடம் முகப்பு என்பதால் மோடமும் முகப்பிலேயே நின்றுவிடும். ஆச்சி புழங்குவது இரண்டாங்கட்டில். நூறு எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் அங்கே வீடியோ கால் உறைந்து நிற்கும்.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம். ஒரு தடித்த சுவர் குறுக்கே வந்தாலே வலுவிழக்கும். வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று தெரிவது இந்த 5 ஜிகாஹெர்ட்ஸைத்தான். செல்போன் கம்பெனிகள் தரும் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 4ஜி போனிலும் அது வேலை செய்யும். மாறாக, ஸ்மார்ட் பல்ப், விலை குறைந்த கேமரா போன்றவற்றில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. அவற்றைப் பொருத்தும்போது ‘பாஸ்வேர்டு சரியில்லை’ என்று தோன்றினால், 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் சேர்க்கப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள்.

மோடத்தை டி.வி.க்குப் பின்னாலும், இரும்பு பீரோவின் மேலும், மூடிய அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். இரும்பும் நிலைக்கண்ணாடியின் பூச்சும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகிறது. அதன் பக்கத்தில் வேண்டாம். நெஞ்சு உயரத்தில், வெட்டவெளியாக இருக்கட்டும். செட்டிநாட்டு வீட்டில் ஒரு வசதி உண்டு. தலைவாசலில் நின்றால் பின்வாசல்வரை தெரியும்படி நிலைகள் நேர்கோட்டில் அமைந்திருக்கும். மோடத்தை அந்த நேர்கோட்டில், நிலைகளைப் பார்த்த மாதிரி வைத்தால் அலை வாசல் வழியாகவும் வளவின் வெட்டவெளி வழியாகவும் உள்ளே போகும். வீட்டைக் கட்டியவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட வழி இன்று இதற்கும் உதவுகிறது.

அப்படியும் எட்டாவிட்டால், மலிவான ரிப்பீட்டரை வாங்கிச் சிக்னலே இல்லாத மூலையில் செருகுவதால் பயனில்லை. அதற்கே கிடைக்காததை அது எப்படித் திருப்பித் தரும்? ஒரு லேன் ஒயரை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு இழுங்கள். கேட் 5ஈ என்ற சாதாரண ஒயரே 100 மீட்டர்வரை ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். அங்கே இன்னொரு ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் வையுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் முகப்பில் உள்ளதேதான், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. அவற்றில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஆச்சி வீட்டில் அப்படித்தான் செய்தோம். இப்போது அடுப்படிவரை வீடியோ கால் வருகிறது.

கரண்டும் கவனிக்க வேண்டியதுதான்

மோடம் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட் கேட்பவை. எத்தனை ஆம்பியர் என்பது ஸ்டிக்கரில் இருக்கும். செட்-டாப் பாக்ஸின் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கேட்டதற்குக் குறையக் கூடாது. மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வைத்தால் கரண்ட் போனாலும் இணையம் நிற்காது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும், தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் அது வீண் செலவல்ல.

பாஸ்வேர்டு இல்லாத வைஃபை ஆபத்து

“யாரு தம்பி வந்து திருடப்போறா? பாஸ்வேர்டே வேணாமே” என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் சம்பவம் இது: 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. காவல்துறை தடம் பிடித்துப் போனபோது அது நவி மும்பையில் ஒரு வீட்டின் இணைப்பில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அந்த வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு.

செல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். பத்து இலக்கம் நீளமாகத் தோன்றும். ஆனால் தெருவில் நின்று, போன் சேரும்போது மோடத்தோடு பரிமாறும் அந்த நான்கு செய்திகளைப் பதிந்துகொண்டு போகும் ஒருவர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் சில மணி நேரத்துக்குள் இந்திய செல் நம்பர்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட முடியும். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நீளம் 8 எழுத்திலிருந்து 63 வரை இருக்கலாம். ழ, ள, ற வரும் சொற்களைத் தவிருங்கள். அவற்றை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பிறகு அதுவே ஒரு சண்டையாகும். மோடத்தின் உள்பக்கப் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியின் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 இலேயே வெளியானது. அதை அணைத்து வைப்பது நல்லது. விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட் வைஃபை’ என்று தனியாக ஒன்று திறந்து கொடுக்கலாம்.

‘உங்கள் இணைப்பைச் சரிசெய்கிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று யாராவது தாமாகக் கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். பழுது பார்க்க வருகிற எங்களுக்கு உங்கள் வங்கி ஓ.டி.பி. ஒருபோதும் தேவைப்படாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

இன்று ஒரு தாளை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு, மோடத்தின் உள்பக்க முகவரியும் பாஸ்வேர்டும், ஆபரேட்டர் கொடுத்த யூசர் ஐ.டி.யும் அதன் பாஸ்வேர்டும், கூப்பிட வேண்டிய போன் நம்பர். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று தெளிவாக எழுதுங்கள். யூசர் ஐ.டி. தெரியாவிட்டால் ஆபரேட்டரைக் கேளுங்கள். அது உங்கள் கணக்கு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தாளை மோடத்தின் மேல் ஒட்டாமல், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மா அப்பாவோடு மோடத்தின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த விளக்கு எதைச் சொல்கிறது, எந்த சுவிட்சை அணைத்துப் போடலாம், எந்தத் துளையைத் தொடக் கூடாது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுங்கள். என் தொழிலில் இருக்கும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்கிறேன்: இணைப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த ஐந்து விஷயங்களையும் வாடிக்கையாளர் கையில் எழுதிக் கொடுங்கள். அதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டால் அந்த வீடு இரண்டு நாள் இணையம் இல்லாமல் இருக்கும்.